சம்மணம்

உட்காரும்போது வலிக்கவேயில்லை, அதில்தான் மங்கையர்க்கரசி ஏமாந்துபோனாள். நாற்காலியில் உட்கார்ந்தே கீரையை உருவலாம் என்றுதான் அடுக்களைக்கு வந்தாள். நாற்காலி கூடத்தில் கிடந்தது, அதை இழுத்துக்கொண்டு வரவேண்டும், ஒரு கையில் முருங்கைக் கொத்து, மறுகை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கவேண்டிய கை. ஒரு தடவை கீழே உட்கார்ந்தால்தான் என்ன என்று தோன்றியது. வீட்டில் யாரும் இல்லை. அவள் புருஷன் சங்கரநயினார் அக்கா மகள் சடங்குக்கென்று காலையிலேயே சங்கரன்கோவில் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். மகள் நிறைமதி சனிக்கிழமை கோ-கோ பயிற்சிக்குப் போயிருந்தாள், வர உச்சியாகும். கீழ உக்காரக்கூடாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்லா என்று கேட்க ஆளில்லாத வீடு. அடுப்பு மேடையைப் பிடித்து, இடது காலில் பாரத்தை ஏற்றி, வலது காலைக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டு உட்கார்ந்தும்விட்டாள். சம்மணம்கூடப் போட முடிந்தது. தரையின் குளிர்ச்சி சேலையைத் தாண்டி ஏறி வந்தது. எத்தனை மாதமாயிற்று இந்தத் தரையைத் தொட்டு. கீழே இருந்து பார்த்தால் அடுக்களையே வேறு வீட்டு அடுக்களை மாதிரி இருந்தது, சிலிண்டருக்குப் பின்னால் எப்போதோ உருண்டுபோன வெங்காயம் ஒன்று முளைவிட்டுக் கிடந்தது, மேடைக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கு, பார்த்தியா ஒருத்தரும் இங்கே துடைக்கவேயில்லை என்று ஒரு கோபம்கூட வந்தது, நல்ல கோபம், வீட்டுக்காரியின் கோபம். கீரையைத் தாம்பாளத்தில் உருவிக்கொண்டே போனாள். பிறகு அந்த வெங்காயத்தை எடுப்போமே என்று வலது பக்கம் லேசாகத் திரும்பிக் கையை நீட்டினாள். உள்ளே, கவட்டுக்கு உள்ளே, எது என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில், ஏதோ வந்து மாட்டிக்கொண்டது.

இது அவளுக்குப் புதிதில்லை. இடுப்பு மூட்டின் ஓரத்துச் சவ்வு கிழிந்து உள்ளே மடங்கிச் சிக்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அசையாமல் இருந்தால் தானே விட்டுவிடும் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் மற்ற தடவையெல்லாம் நின்றுகொண்டிருக்கும்போது மாட்டியது, சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் விட்டுவிடும். தரையில் வைத்து மாட்டியது இதுதான் முதல் தடவை. காலை நீட்டப் பார்த்தாள். கண் இருண்டு வந்தது. மடக்கவும் முடியவில்லை. சரி, இருப்போம், கொஞ்ச நேரம் அசையாமல் இருப்போம், கீரையை உருவிக்கொண்டே இருப்போம், கைக்கு ஒன்றும் இல்லையே. அப்போதுதான் கூடத்தில் சார்ஜில் கிடந்த போன் அடிக்க ஆரம்பித்தது. யார் என்று பார்க்க வேண்டியதில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் ஷெரின். சனிக்கிழம மத்தியானத்துக்குள்ள எதுன்னு மட்டும் சொல்லிருங்க மேடம், நான் தியேட்டர் போட்டு வச்சிருதேன். தியேட்டர் போடுவது. முதல் தடவை அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது, ஏதோ படம் போடப்போகிற மாதிரி. எதுன்னு மட்டும். கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்கிற குரலில்தான் அந்தப் பிள்ளை கேட்கும், அதைக் குறை சொல்ல முடியாது, அதற்கு அது தினமும் கேட்கிற கேள்வி. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அந்த மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து அவளிடம் பேசினார்கள், அதுதான் வினையாகிவிட்டது, ஒருத்தரை மட்டும் பார்த்திருந்தால் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்திருப்பாள். இளையவர் இமானுவேல், கையில் எப்போதும் பேனா, பேச்சைவிடப் படம்தான் அதிகம். இடுப்பு மூட்டில் பந்து இருக்கும், பந்து உட்காரக் கிண்ணம் இருக்கும், உங்களுக்குப் பிறவியிலேயே கிண்ணம் ஆழம் பத்தல, பந்து முழுசா உள்ள உக்காரல, ஓரத்துலயே நின்னு நின்னு தேச்சிருக்கு. கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, கிண்ணத்தையே திருப்பி, பந்துக்குமேல் கூரைபோல மூடி, ஸ்குரூ போட்டு முடுக்கிவிடலாம். உங்க மூட்டு உங்களோடதாவே இருக்கும் மேடம். பெரியவர் பரமசிவம் அதுவரை பேசாமல் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தவர், தம்பி சொல்றது தப்பில்ல, ஆனா குருத்தெலும்பு ஏற்கெனவே பாதி போயிருச்சேம்மா, இனிமே திருப்பி வச்சு என்ன செய்யறது, மாத்திருவோம் என்றார். செயற்கை மூட்டு. மறுநாளே நடக்கலாம். வலி போயிரும். இமானுவேல் உடனே, சார் சொல்றதும் சரிதான், ஆனா மேடத்துக்கு வயசு கம்மி, செயற்கை மூட்டும் தேயும், ஒருநாள் அதையும் மாத்தணும், ரெண்டாவது தடவை மாத்தறது லேசு இல்ல என்றார். அவர் ஒன்று சொல்ல இவர் ஒன்று சொல்ல, இரண்டு பேரும் ஒருவரையொருவர் அவ்வளவு மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டார்கள். அவர்கள் சண்டை போட்டிருக்கக்கூடாதா என்று அவளுக்கு இருந்தது. சண்டை போட்டால் ஜெயித்தவர் பக்கம் போய்விடலாம். கடைசியில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். நீங்கதாம்மா சொல்லணும்.

நான் என்னத்தக் கண்டேன். அவளுக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும். எழும்பத் தெரியும், ஓடத் தெரியும், விசிலடிக்கத் தெரியும். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், அதற்கு முன்னால் ஜில்லா கோ-கோ அணியில் ஆடினவள். வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து, துரத்தி வருகிறவள் முதுகில் தட்டிக் கோ என்றால் எழும்பவேண்டும், எழும்புவதும் ஓடுவதும் ஒன்றாக இருக்கவேண்டும், நடுவில் மூச்சு விடக்கூட இடம் இருக்கக்கூடாது. முதுகில் கை படும் முன்னாலேயே இவ எழும்பிருதா என்று எதிரணிப் பிள்ளைகள் நடுவரிடம் சண்டைக்குப் போவார்கள். அப்போதும் கிண்ணம் ஆழமில்லாமல்தானே இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை அவள் எழும்பியபோதும் பந்து ஓரத்தில் ஏறி இறங்கியிருக்கிறது, கைதட்டல் கேட்கக் கேட்கத் தேய்ந்திருக்கிறது. விளையாண்டதாலயா டாக்டர் என்று கேட்டாள். விளையாண்டதால இல்ல, விளையாடாம இருந்தாலும் வந்திருக்கும், கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம், அவ்வளவுதான் என்றார் இமானுவேல். கொஞ்சம் பிந்தி. அந்தச் சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாத்திரம் கழுவும்போது வரும், அசெம்பிளியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது வரும். பிந்தி என்றால் எவ்வளவு பிந்தி, எந்த வருஷத்து ஓட்டத்தை ஓடாமல் இருந்திருந்தால் இன்றைக்குக் கீழே உட்கார்ந்து எழுந்திருக்கலாம். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இரண்டு தொடையிலும் மடிப்பு ஒன்றுபோல இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள், கால் முன்னால வந்து பிறந்த பிள்ளல்லா நீ, அதான் கோணிக்கிடக்குன்னு எல்லாரும் சொன்னாவ, எண்ணெய் போட்டு உருவுனோம். அந்த வயசில் காலை அகட்டிவைத்து ஒரு வார் கட்டிவிட்டிருந்தால் போதுமாம், கிண்ணம் தானே ஆழமாக வளர்ந்திருக்குமாம். ஒரு வார். கால் முன்னால் வருகிற பெண்பிள்ளைகளுக்கு, அதுவும் தலைச்சன் என்றால், அதிகம் வருமாம். மதியும் கால் முன்னாலதான், வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், மதியும் தலைச்சன், மதி… இந்தக் கீரை வாடிக்கொண்டு வருகிறது. காம்பில்லாமல் உருவவேண்டும், பழுப்பைத் தனியே போடவேண்டும். பழுப்பு ஒன்று. இன்னொரு பழுப்பு. அவளுக்கு மூச்சு வாங்கியது, ஒரு வேலையும் செய்யாமலே வாங்கியது. எதை நினைத்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது, அங்கே போவதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும்.

அதனால் ஆபரேஷனை நினைத்தாள், அதுவே பரவாயில்லை. முதலில் எலும்பு வெட்டுகிற ஆபரேஷன். இடுப்புக்கூட்டை வெட்டுவார்கள், நல்ல எலும்பை, உடையாத எலும்பை, வேண்டுமென்று உடைப்பார்கள். பிறகு சேரும்வரை கட்டைக்கம்பு ஊன்றி நடக்கவேண்டும், மாதக்கணக்கில், வலது காலைத் தரையில் வெறுமனே தொட்டுக்கொண்டு. சேர்ந்துவிட்டால் இடுப்பு அவளுடையது. கீழே உட்காரலாமா என்று கேட்டதற்கு, பாப்போம், உட்காரலாம்னுதான் நினைக்கிறேன் என்றார் இமானுவேல். அந்தப் பாப்போமில் அவள் தொங்கிக்கொண்டே ஊர் வந்துசேர்ந்தாள். ஆனால் பெரியவர் சொன்னது பொய்யா. தேய்ந்தது தேய்ந்ததுதானே, கூரையைத் திருப்பிப் போட்டால் அரித்துப்போன சுவர் வளர்ந்துவிடுமா. கொஞ்ச வருஷம் ஓடும், பிறகு நின்றுபோகும், பிறகு எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அப்போது வெட்டுப்பட்ட இடத்திலேயே மறுபடி வெட்டுவார்கள். சரி, மாற்றிவிடலாம். தொடை எலும்பின் தலையை அறுத்து எடுத்துவிட்டு உலோகத்தை இறக்குவார்கள். அறுத்த எலும்ப என்ன செய்வீங்க என்று அவள் கேட்டாள். பெரியவர் ஒரு கணம் முழித்துவிட்டுச் சிரித்தார், அதுக்கெல்லாம் முறை இருக்கும்மா, கழிவுல போயிரும் என்றார். கழிவு. அவள் உடம்பிலிருந்து முதலில் செத்துப்போவது அதுதான், அதற்கு யாரும் அழப்போவதில்லை, சங்கு ஊதப்போவதில்லை. மற்றதெல்லாம் பிற்பாடு ஆற அமரச் சாகும். அன்று பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வலது இடுப்பின்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கரநயினார், என்ன வலிக்கா என்று கேட்டார். இல்ல என்றாள். பின்ன ஏன் கையை வச்சுக்கிட்டிருக்க. சும்மாத்தான். அவர் நல்ல மனுஷர். வீட்டுக் கக்கூஸில் உயரமான இருக்கை வாங்கிப் பொருத்தியவர், கட்டிலுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தியவர், அவள் நொண்டி நடக்கும்போது தானும் மெதுவாக நடப்பவர். ஆனால் எதுங்க செய்ய என்று கேட்டால் மட்டும், நீ என்ன சொல்லுதியோ அதுதான் மங்கை, உன் உடம்புல்லா என்பார். அந்த நல்ல பேச்சைக் கேட்டால் அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். என் உடம்பு என்று தெரியும். அது என்னுடையதாக மட்டும் இருப்பதுதானே பயம். நீ இதைச் செய் என்று ஒருத்தர் சொல்லமாட்டாரா. சொன்னால் பிறகு ஒருநாள், உங்க பேச்சக் கேட்டுத்தான கெட்டேன் என்று திட்டவாவது ஓர் ஆள் கிடைக்கும்.

மூத்திரம் முட்டியது. இவ்வளவு நேரமும் அதை நினைக்காமல் இருந்தாள், நினைத்ததும் வேறு எதுவும் இல்லை, அது மட்டும்தான். மேடையின் விளிம்பு தலைக்கு மேலே இருந்தது, கையை உயர்த்தினால் எட்டும், எட்டிப் பிடித்தால் இடதுகாலில் எழும்பிவிடலாம். பிடித்தாள். இழுத்தாள். வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது, காதுக்குக் கேட்டதா உடம்புக்குக் கேட்டதா தெரியவில்லை, அவள் வாயிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது, அது அவள் குரல் மாதிரியே இல்லை, தெருநாய் ஒன்று வண்டியில் மிதிபட்டால் வரும் குரல். கை நழுவி, தாம்பாளம் கவிழ்ந்து, உருவி வைத்த கீரை முழுக்கத் தரையில் பரவியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. சேலை நனைந்தது. சூடு பரவிப் பிறகு தரையின் குளிர்ச்சியோடு ஒன்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் ஓடமாட்டேன் டீச்சர், வயிறு வலிக்கு டீச்சர் என்று வந்து நின்றிருக்கின்றன, எந்திரி, நடிக்காத என்று சொல்லியிருக்கிறாள், எந்திரி, எந்திரி, அவள் வேலையே அந்த ஒற்றைச் சொல்தான். பக்கத்து வீட்டு மல்லிகாவைக் கூப்பிடலாம், ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, கூப்பிட்டால் வருவாள், வந்தால் இந்த ஈரத்தைப் பார்ப்பாள். வேண்டாம். மதி வரட்டும். இல்லை, மதியும் பார்க்கவேண்டாம். மதி பார்க்கவேண்டாம். ஆனால் இப்போது திரும்பிக்கொள்ள அவளுக்குக் கீரைகூட மிச்சமில்லை, எல்லாம் தரையில் கிடந்தது, அதனால் நேராக அங்கேயே போய்விட்டாள். மதுரைக்கு இரண்டாவது தடவை போனபோது மதியையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள், பள்ளி லீவு, ஊர் பார்க்கட்டும் என்று. அறை ஓரத்தில் நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அந்தப் பிள்ளை சீடை தின்றுகொண்டிருந்தது. இமானுவேல் பேசிக்கொண்டே அவளைப் பார்த்தார், பாப்பாவும் கால் முன்னால வந்து பிறந்தவங்களா என்று கேட்டார், எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோமே என்றார். சும்மாத்தான், செக்கப், என்று மதியிடம் சொன்னாள். சங்கரநயினார் அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். படம் வந்தது. தன் படத்தை இவ்வளவு நாள் பார்த்துப் பார்த்து அவளுக்கே பார்க்கத் தெரிந்துவிட்டிருந்தது. இடது பக்கம். டாக்டர் சொல்லும் முன்னாலேயே தெரிந்தது. பந்தின்மேல் கூரை பாதியில் நின்றிருந்தது, வழிமறந்து நின்றதுபோல. அவளுடைய எலும்பு அப்படியே, சின்னதாக, புத்தம் புதிதாக.

பாப்பாவுக்குத் தேய்மானமே இல்ல மேடம் என்று இமானுவேல் தணிந்த குரலில் சொன்னார், சந்தோஷமான சேதி சொல்கிறவர் போலவே சொன்னார். வலியும் இல்ல. எலும்பு இன்னும் வளர்ந்துக்கிட்டு இருக்கு, வளர்ச்சி நின்னதும் செஞ்சுறலாம், ஒரு ரெண்டு வருஷம் போகட்டும். உண்மையச் சொன்னா, உங்களுக்கு நான் சொல்ற ஆபரேஷன் பாப்பா மாதிரி இருக்கறவங்களுக்குத்தான் உண்டானது, தேயறதுக்கு முன்னால செய்யறது. விளையாடலாமா என்று அவள் கேட்டாள். இப்போதைக்கு விளையாடட்டும், வலின்னு சொன்னா நிறுத்திருங்க. வெளியே வந்ததும் சங்கரநயினார் மருந்துப் பையோடு எதிரே வந்து, என்ன சொன்னாரு என்று கேட்டார். ஒண்ணுமில்ல, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று இப்போதும் தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள், ஒவ்வொரு நாளும் மதி ஷூவை மாட்டிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிப் போனாள், அந்தச் சத்தத்தை இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், எந்தக் கால் முந்துகிறது, எந்தக் கால் தயங்குகிறது. தயங்கவில்லை. இன்னும் தயங்கவில்லை. அவளுக்குத் தன் வலி இவ்வளவு நாளும் தாங்க முடிந்ததாக இருந்ததற்கு ஒரே காரணம் அது தன்னோடு முடிந்துபோகும் என்று நினைத்திருந்ததுதான். இரண்டு வருஷம். அந்தச் சமயத்தில் அவள் எங்கே இருப்பாள். எலும்பை வெட்டித் திருப்பிக்கொண்டால், அது சேர்ந்து, தேறி, அல்லது தேறாமல், மறுபடி வலித்து, இதே மாதிரி ஒரு தரையில் மாட்டிக்கொண்டு. மதியைக் கட்டிலிலிருந்து தூக்கப்போவது யார். குளிப்பாட்டப்போவது யார். சக்கர நாற்காலியிலிருந்து ஆட்டோவுக்கு, ஆட்டோவிலிருந்து படிக்கு. அந்தப் பிள்ளை வலியில் கத்தும்போது தாயும் ஒரு பக்கம் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பதா. சொந்த மூட்டு, சொந்த மூட்டு என்று இவ்வளவு நாளும் அந்த இளைய டாக்டரின் பேனா முனையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது எதற்காக. கீழே உட்காருவதற்கு. இன்னொரு தடவை குத்தவைத்து உட்கார்ந்து, முதுகில் யாராவது தட்டினால் எழும்பி ஓடிவிடலாம் என்ற ஆசைக்கு, வேறெதற்கும் இல்லை. அந்த ஆபரேஷனுக்கு அவளுடைய நேரம் போய்விட்டது. அது மதியின் ஆபரேஷன். அவளுக்கு உள்ளது மற்றது, அறுத்துக் கழிவில் போட்டுவிட்டு நிற்பது, ஓடாமல், குதிக்காமல், குனியாமல், ஆனால் நிற்பது. இப்படி முடிவு வந்ததும் மனம் லேசாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். லேசாகவில்லை. கிணற்றில் கல் விழுந்து அடியைத் தொட்டுவிட்டது, அவ்வளவுதான், தண்ணீர் அதே கறுப்பாகத்தான் இருந்தது.

சாத்தியிருந்த வாசல் கதவு திறந்தது. "யம்மா, பசிக்கு" என்று கூடத்திலிருந்தே மதி சத்தம் போட்டாள். பை விழுந்தது. ஷூ ஒன்று ஒரு மூலைக்கும் மற்றது இன்னொரு மூலைக்கும் போனது. "யம்மா?"

"இங்கன இருக்கேன்."

அடுக்களை வாசலில் வந்து நின்ற மதி தரையைப் பார்த்தாள், கீரையைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள். பின்னால் வந்து, அம்மாவின் கக்கத்துக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். வெயிலும் வேர்வையும் செம்மண்ணும் கலந்து அவள்மேல் மைதானத்தின் வாடை அடித்தது.

"மாட்டிக்கிட்டா?"

"ம்."

"மெதுவா. காலை அசைக்காத. நான் தூக்குதேன், நீ மேடையப் பிடிச்சுக்கோ."

"உன்னால முடியாது பிள்ள. மல்லிகாக்காவ…"

"அவங்க எதுக்கு. பிடிம்மா."

தூக்கினாள். உள்ளே சிக்கியிருந்தது எந்த இடத்திலோ விட்டுக்கொடுத்தது, வலி ஒரு தடவை நெற்றிவரைக்கும் ஏறிவிட்டு இறங்கியது, மங்கையர்க்கரசி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது மறுபடி போன் அடித்தது. மதி ஓடிப்போய் எடுத்துவந்து, "மதுரை ஆஸ்பத்திரி" என்று கையில் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு மாற்றுச்சேலை எடுக்கப் போனாள்.

"மேடம், ஷெரின் பேசறேன். காலையில இருந்து அடிக்கிறேன். டாக்டர் இமானுவேல் கேட்டுக்கிட்டே இருக்காங்க. எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"மாத்திருங்கம்மா."

"சாரி மேடம், சரியா கேக்கல."

"செயற்கை மூட்டு. பெரிய டாக்டர் சொன்னது. மாத்திருங்க."

"ஓகே மேடம். அப்ப பரமசிவம் சார் லிஸ்ட்ல போட்டுருதேன். நல்லது மேடம்." ஷெரினின் குரலில் நிம்மதி தெரிந்தது. ஒரு பெயருக்கு எதிரே ஒரு வேலை முடிந்தது.

மதி சேலையோடு வந்தாள். உடுத்த உதவினாள். ஈரத்தைத் துணி போட்டுத் துடைத்தாள், சாதாரணமாக, பால் கொட்டினதைத் துடைப்பது போல. பிறகு சிதறின கீரையை அள்ள, துடைத்த தரையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் தரையைத் தொட்டன. மங்கையர்க்கரசி மேலே நின்று அந்த முழங்கால்களைப் பார்த்தாள்.

"கீழ உக்காராத. எந்திரி."

குரல் அவ்வளவு கடூரமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. மதி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்?"

"எந்திரின்னா எந்திரி."

மதி எழும்பவில்லை. ஓர் இலையை எடுத்து, அதிலிருந்த தூசியை ஊதி, தாம்பாளத்தில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். தலையைக் குனிந்தபடியே, "எனக்கும் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

மங்கையர்க்கரசி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"அன்னைக்கு அந்த டாக்டர் படத்தைக் கையில பிடிச்சுக் காட்டுனாருல்லா, அப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். நீ அப்பாகிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்ன. நானும் சரின்னு விட்டுட்டேன்."

"உனக்கு வலி கிலி…"

"வலியெல்லாம் இல்ல. இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே மல்லிகா வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இல்லை என்று சொல்லிவிடலாம். இன்னும் இரண்டு வருஷம், அந்தப் பிள்ளை படியில் அந்தத் தடதடப்போடு இறங்கிப் போய்க்கொண்டிருக்கலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

"இருக்கு" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். கொஞ்சம்தான். உனக்குச் சரியாக்கிரலாம்னு சொல்லியிருக்காரு. நான் கூட இருப்பேன், அதுக்குத்தான் நான்…"

மதி தலையாட்டினாள். அழவில்லை. தன் இடது தொடையை, அது இன்னொருத்தருடையது போல, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாம்பாளத்தை மேடைமேல் எட்டி வைத்துவிட்டு எழும்பினாள். பிறந்ததிலிருந்து எழும்புவதற்கு எதையும் பிடித்திராத பிள்ளை, காற்றில் காகிதம் எழும்புவதுபோல எழும்பி ஓடிவிடுகிற பிள்ளை, முதலில் வலது கையைத் தரையில் ஊன்றினாள், பிறகு இடது கையால் அலமாரியைப் பிடித்தாள், வலது காலில் பாரத்தை ஏற்றி, இடது காலைப் பதனமாக இழுத்து, மெதுவாக, மிக மெதுவாக எழுந்து நின்றாள்.